உட்கார மறுத்தவர்

லிங்கநகரில் நான் வாடகைக்குப் போன வீட்டின் மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. முதல் நாள் பின்னேரம், குடிவந்தவள் யார் என்று பார்க்க ஒரு கிண்ணத்தில் பயற்றம்பணியாரத்தோடு வந்தார். மட்டக்களப்பிலிருந்து என் சாமான்கள் லொறியில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. இருந்த ஒரே நல்ல கதிரையைத் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே என் ஊர், வேலை, நான் ஏன் கலியாணம் கட்டவில்லை, யார் எனக்குச் சமைத்துத் தருவார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். இருங்கோ இருங்கோ என்று சொல்லி என் வாய்தான் வலித்தது. விளக்குப் போட்ட பிறகும் அவர் நின்றுகொண்டேயிருந்தார். அவர் போன பின்பு கதிரையில் ஏதும் அழுக்கு இருக்கிறதா என்று நான் தடவிப் பார்த்தேன்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இடமாற்றத்தில் வந்தவள். அவருடைய கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் பார்ப்பவர். முறை வேலை, அதிகம் கதைக்காத மனிதர். ஒரே மகள் நிரோஜா படிப்பு முடித்து, நகரத்தில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். நிரோஜாவுக்கு நான் அன்ரி.

அக்கா எங்கேயும் உட்காரமாட்டார் என்பது எனக்குப் போகப்போகத்தான் பிடிபட்டது. கலியாண வீட்டில் பந்திக்குப் பரிமாறும் பக்கம் நிற்பார். செத்தவீட்டில் பெண்கள் எல்லாம் பாயில் இருந்து அழ, இவர் குசினியில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருப்பார். பஸ்சில் இருக்கை காலியாகக் கிடக்கும். இவர் கம்பியைப் பிடித்து நிற்பார். ஒருமுறை மூதூருக்குப் படகில் போனோம். குடாவைக் கடந்து முடியும் வரைக்கும் தூணைப் பிடித்து நின்று, அலை தூக்கும்போதெல்லாம் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தார். எனக்குத் தலைசுற்றி வாந்தி வரப் பார்த்தது. அவர் என் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்தார். அப்போதும் பக்கத்தில் உட்காரவில்லை.

ஊர் இதற்கு நல்ல பெயர் வைத்திருந்தது. உடம்பு வணங்கி வேலை செய்கிற மனுசி, மற்றவர்கள் இருக்கட்டும் என்று தான் நிற்கிற மனுசி என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதைவிடப் பெரிய பெயர் அவருடைய நடைக்கு. விடிந்து வெளிச்சம் வந்ததும் கேற்றைத் திறந்துகொண்டு புறப்படுவார். உள்துறைமுகத்து வீதியால் இறங்கி, கடற்படைப் படகுகள் கட்டிக் கிடக்கிற பக்கமாகப் போய், கடற்கரையைச் சுற்றி, கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் மலை ஏறி இறங்கி வருவார். என் சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னார்கள் என்று நானும் கூடப் போகத் தொடங்கினேன். கூடப் போவதென்றால் பின்னால் ஓடுவதுதான். கோட்டைக்குள் மான்கள் படுத்திருக்கிற இடத்தில் ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. நான் அதில் விழுந்தடித்துப் போய் இருப்பேன். அக்கா வாங்கைச் சுற்றிச் சுற்றி நடப்பார். நான் மூச்சு வாங்கி முடியும் வரைக்கும் சுற்றுவார். மான்கள் படுத்தபடியே தலையைத் திருப்பித் திருப்பி அவரைப் பார்க்கும்.

"நிண்டா இறுகிப்போகும் தங்கச்சி, எழும்புங்கோ" என்பார். என் கொழுப்பைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு எழும்புவேன்.

நிரோஜாவுக்குச் சம்பந்தம் ஒன்று பொருந்தி வந்தது. மாப்பிள்ளை உவர்மலையில் இருந்த நல்ல குடும்பத்துப் பையன். தந்தை இல்லை, தாய் மட்டும். சாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. அதற்குப் பிறகு வழக்கப்படி விசாரிப்பு. இது எங்கள் பக்கத்திலும் உண்டு என்றாலும் திருகோணமலையில் அதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். சந்திக் கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கி விசாரிப்பார்கள். கோயில் ஐயரிடம் விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். அதிலும் வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் விசேஷம். சொந்தமும் இல்லை பகையும் இல்லை, மறைக்கத் தேவையில்லை என்ற எண்ணம்.

அப்படித்தான் மாப்பிள்ளையின் பெரியம்மா என் விறாந்தையில் வந்து இருந்தார். தேநீர் குடித்து, என் பூச்சாடிகளைப் பாராட்டி, மெல்ல விசயத்துக்கு வந்தார். பெண் நல்ல பிள்ளைதான் என்று கேள்விப்பட்டாராம்; குடும்பத்தில் நோய் நொடி ஏதும் உண்டோ? நான் சிரித்துவிட்டேன். அந்த அக்காவோடு ஒரு நாள் நடந்து பாருங்கள், நோயெல்லாம் ஓடிவிடும், இந்த ஊரில் அவரைப்போல் நடக்கிற ஒருவரைக் காட்டுங்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பெரியம்மா திருப்தியாக எழும்பிப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மதிலுக்கு மேலால் பாரை மீன் குழம்பு வந்தது. பின்னாலேயே அக்காவும் வந்தார். என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன். நடையைப் பற்றி என்ன சொன்னேன் என்று திரும்பவும் கேட்டார். அதையும் சொன்னேன். அவர்கள் அதற்கு முகத்தை எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்டார். தாய்மாருக்கு இருக்கிற பதற்றம்தான் என்று எண்ணிக்கொண்டேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது. ஒருவரின் மகளைப் பார்க்க வந்தவர்கள் தாயின் நடையை ஏன் பார்க்கவேண்டும்?

அதற்குப் பதில் சில நாட்களில் கிடைத்தது. விடியும் முன்பே எழும்பிவிட்டேன். குழாயில் தண்ணீர் இல்லை. அவர்களுடைய கிணற்றில் ஒரு வாளி அள்ளலாம் என்று பின் கேற்றால் போனேன். குசினிக் கதவு திறந்திருந்தது. உள்ளே மங்கலான வெளிச்சம். யாரோ ஒரு கிழவி சுவரைப் பிடித்து வருவது தெரிந்தது. வந்திருக்கிற சொந்தக்காரர் யாரோ என்று நினைத்தேன். இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, ஒரு கால் பின்னால் இழுபட, ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கையைச் சுவரில் பதித்துப் பதித்து வந்தது அந்த உருவம். விறாந்தைப் பக்கம் போய்த் திரும்பியது. மறுபடி குசினி. மறுபடி விறாந்தை. வெளிச்சத்துக்கு வந்தபோது அது அக்கா.

நான் வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஓடிப் போய்ப் பிடித்திருக்கவேண்டும். பயம் வந்து காலைக் கட்டிவிட்டது. அவர் என்னைக் கண்டார். நிற்கவில்லை. நின்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று பிறகு சொன்னார். நடந்துகொண்டே, கதவைச் சாத்துங்கோ தங்கச்சி என்றார்.

சாத்திவிட்டு உள்ளே நின்று பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கை சுவரைவிட்டு எழும்பியது. பிறகு விரல் நுனி மட்டும் பட்டது. பிறகு அதுவும் இல்லை. வெளியே நன்றாக வெளுத்தபோது அவர் எனக்குத் தெரிந்த அக்காவாக நிமிர்ந்து, முகம் கழுவி, பொட்டு வைத்து, வாறீங்களோ நடக்க என்று கேட்டார். ஊர் பார்த்து வியந்த நடை அந்த நடையின் கடைசிப் பகுதி மட்டும்தான். அந்தச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் நீளத்துக்கு ஒரு கறுத்த பட்டை, எண்ணெய் பிடித்தாற்போல் மினுங்கியது.

"இருந்தாத்தான் வருத்தம். படுத்தாலும் வருத்தம். நடந்தா விட்டிடும்" என்றார் அன்று மலை ஏறும்போது. "இடுப்புக்குள்ள ஆரோ சீமெந்து குழைச்சு வச்ச மாதிரி. நான் அசையாட்டி அது காஞ்சிடும்."

எத்தனை வருடம் என்று கேட்டேன். நிரோஜா பிறக்க முதலே என்றார். கணவருக்குத் தெரியுமா? தெரியும். நிரோஜாவுக்கு? அவள் விடிந்த பிறகுதான் எழும்புவாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றார். டொக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்டேன். அவர் வேகத்தைக் கூட்டினார். நான் விடவில்லை. மூச்சு வாங்க வாங்கப் பின்னால் போய்த் திட்டினேன். கடைசியில், சொன்னால் உங்களுக்கு விளங்காது, ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாருங்கள் என்றார்.

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் கூட்டிப் போனார். அம்மன் கோயிலைத் தாண்டி, கருவாடு காயப்போட்டிருந்த மணலால் நடந்தோம். அங்கே அவருடைய மூத்த சகோதரியின் வீடு. அந்தப் பெண் இடுப்பிலிருந்து முன்னால் மடிந்து, நிலத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்க முடியாமல் நின்றார். என் முகத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்து, புதுசு போல, கடிக்குதோ என்று கேட்டார். வாசலில் மனிதர்கள் வந்தால் பாதங்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் சிரிக்க முயன்றேன், ஏலவில்லை.

கிணற்றுக்கட்டில் விழுந்ததால் அப்படி ஆனதென்று ஊரில் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய தகப்பனும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருந்தாராம். அவர் நெல் மூட்டை தூக்கி விழுந்தவர். ஒரு சித்தப்பா சைக்கிளால் விழுந்தவர். அந்தக் குடும்பத்தில் விழாதவர்களே இல்லை. ஒவ்வொரு இடுப்புக்கும் ஒரு விபத்துத் தயாராக இருந்தது.

விழவில்லை என்ற உண்மையை அந்தச் சகோதரி ஒரு தடவை ஒரு டொக்டரிடம் சொல்லியிருக்கிறார். அந்த டொக்டர் நல்ல மனிதர். இது குடும்பத்தில் வருகிற வாதம், பிள்ளைகளையும் கூடப்பிறந்தவர்களையும் கூட்டி வாருங்கள், இரத்தம் பார்க்கவேண்டும் என்றிருக்கிறார். அவர்கள் எல்லாரும் ஒன்றாகப் பஸ் ஏறிப் போனதை ஊர் பார்த்தது. மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்தக் கிழமையே நின்றுபோனது. வேறொன்றும் பிறகு வரவில்லை. அந்த மகள்தான் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தாள். முகத்தில் எந்தக் குறையும் இல்லாத, நேராக நடக்கிற பெண்.

திரும்பி வரும்போது பஸ்சில் கம்பியைப் பிடித்து நின்றபடி அக்கா குனிந்து என் காதோடு சொன்னார்.

"விளங்கிச்சுதோ? நிரோஜாவின்ர கழுத்தில தாலி ஏறட்டும். அதுக்குப் பிறகு ஆருக்கும் சொல்லுவன்."

எனக்கு விளங்கியது. கோபமும் வந்தது. யார்மீது கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பெண் பார்க்க வருமுன் அவர் அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தார். தன் கையாலேயே அடித்தார். வந்தவர்கள் வீடு துப்புரவாக இருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளையின் தாய் அமைதியான, நல்ல கண்கள் உள்ள பெண். நீங்களும் இருங்கோவன் என்று அக்காவிடம் அன்பாகச் சொன்னார். அக்கா பலகாரத் தட்டோடு நின்றே சிரித்தார். அந்த அம்மா எழும்பிப் போகும்போது அக்காவின் கால்களை ஒரு கணம் பார்த்தது போல் எனக்குப் பட்டது. அது என் பயமாகவும் இருக்கலாம்.

கலியாணத்துக்கு நாள் நெருங்கியபோது வருத்தம் கூடியது. நடந்தும் விடாத நாட்கள் வந்தன. என் கரைச்சல் தாங்காமல், கண்டியிலிருந்து கிழமைக்கொருமுறை வருகிற ஒரு டொக்டரிடம் காசு கட்டி நேரம் எடுத்து, சனல் பண்ணிப் போனோம். அறைக்குள் டொக்டரோடு பைல்களைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். அவள் யாருடைய மகள் என்று எங்களுக்குத் தெரியாது. திருகோணமலையில் ஒருவரைத் தெரியாது என்றால் அவர் யாரோ ஒருவருக்குச் சொந்தம் என்று அர்த்தம். அக்காவின் முகம் மாறியதைக் கண்டேன்.

டொக்டர் பொறுமையாகக் கேட்டார். விடிய எழும்பும்போது விறைக்கிறதா? இல்லை என்றார் அக்கா. நடந்தால் குறைகிறதா? நடந்தால்தான் நோ, இருந்தால் சுகம் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா?

"இல்லை டொக்டர். நான் பஸ்சால இறங்கேக்க விழுந்தனான்."

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்றவரின் கை மேசை மறைவில் என் மணிக்கட்டைப் பிடித்தது. அவ்வளவு பலமாக ஒருவர் என்னைப் பிடித்ததில்லை. டொக்டர் அக்கா சொன்னதை நம்பினார்; நம்பாமல் வேறென்ன செய்வார்? நோவுக்கு மாத்திரை எழுதினார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார், அது எடுக்கப்படவேயில்லை. நடையை நிறுத்தி, நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள் என்றார்.

அக்கா அந்தப் பேச்சைக் கேட்டு, நோவும் பொறுக்க ஏலாமல், ஓய்வெடுத்தார். அதுதான் பெரிய பிழை. சில நாட்களில் கட்டிலிலிருந்து அவரை எழுப்ப நானும் அவர் கணவரும் சேர்ந்து பிடிக்கவேண்டியிருந்தது. பொய்யான பதிலுக்கு வந்த சரியான மருந்து என்று நான் கத்தினேன். நிரோஜா வகுப்புக்குப் போயிருந்த நேரம் அது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினார். புது வெள்ளையில் கைத்தடங்கள் விழுந்தன.

கலியாணத்தில் தப்ப முடியாத ஒன்று இருந்தது. தாரை வார்க்கும்போது பெண்ணின் தாய் தகப்பன் மணவறையில் மாப்பிள்ளை பக்கத்தாருக்கு எதிரே இருக்கவேண்டும். தன் தம்பியையும் மனைவியையும் இருத்தலாமா என்று அக்கா ஐயரிடம் கேட்டுப் பார்த்தார். தாய் உயிரோடு இருக்கும்போது ஏனம்மா என்றார் ஐயர். அந்தக் கிழமை முழுவதும் அவர் வீட்டுக்குள் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து எழும்பிப் பழகினார். நான் வாசலில் காவல் நின்றேன். சில நாள் எழும்பினார். சில நாள் நான் போய்த் தூக்கினேன்.

கலியாண மண்டபத்தில் நான் மணமக்களைப் பார்க்கவேயில்லை. அக்காவின் முழங்கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் அவசரப்படாத மனிதர். ஒவ்வொரு மந்திரத்தையும் இரசித்துச் சொன்னார். புகை எழும்பியது. தாரை வார்த்து முடிந்து, சரி எழும்புங்கோ என்றபோது அக்கா அசையவில்லை. சிரித்த முகம் சிரித்தபடி இருந்தது. எதிரே மாப்பிள்ளை பக்கத்தார் எழும்பிவிட்டார்கள். கமெரா வெளிச்சம் அக்காவின்மேல் இருந்தது. 

அப்போது அவருடைய கணவர், அந்தக் கதைக்காத மனிதர், எழும்பி நின்று தன் வேட்டி அவிழ்ந்துவிட்டது என்று அறிவித்தார். சபை சிரித்தது. அவர் ஒரு சால்வையால் மறைத்துக்கொண்டு, மனைவிக்கு முன்னால் நின்று, அவிழாத வேட்டியை ஆறுதலாக அவிழ்த்துக் கட்டினார். மாப்பிள்ளைத் தோழன் உதவிக்கு வந்தான், அவனையும் விரட்டினார். அந்த மறைவுக்குள் அக்கா காலை நீட்டி மடக்கி, மடக்கி நீட்டி, அவர் வேட்டித் தலைப்பைப் பிடித்தபடி எழும்பினார். வேட்டி ஒதுங்கியபோது அவர் நேராக நின்றார்.

வீடியோக்காரப் பொடியன் வந்து, அம்மா மறைஞ்சிட்டா, இன்னொருக்கா இருந்து எழும்புங்கோ என்றான். அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள எனக்குக் கை துடித்தது. அக்கா மறுபடி இருந்தார். மறுபடி எழும்பினார். அந்த வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அழகாக எழும்புகிறார்.

பிறகு உடை மாற்றும் அறையில் யன்னல் கம்பியைப் பிடித்து நின்று நடுங்கினார். முடிஞ்சுது தங்கச்சி என்றார். இனி உண்மையைச் சொல்லலாம்தானே என்றேன். பிள்ளை போன இடத்தில் கொஞ்சம் காலூன்றட்டும் என்றார். அந்த வருடமே எனக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்தது.

அங்கே என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் தம்பிக்கு இதே வருத்தம். இளம் வயதிலேயே கண்டுபிடித்து, வாத நோய்க் கிளினிக்கில் ஊசி போடுகிறார்கள். அவன் பந்து விளையாடுகிறான். நேரத்துக்குத் தொடங்கினால் வளையாமல் நிறுத்தலாமாம். வளைந்தபின் நிமிர்த்த ஏலாதாம். இதைக் கேட்ட அன்றே அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். எனக்கு இனி என்னத்துக்கு என்று சிரித்தார்.

போன வருடம் ஒரு கூட்டத்துக்காகத் திருகோணமலை போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்க முழு உடம்பையும் பின்னால் சாய்க்கவேண்டியிருந்தது. கழுத்து தனியாகத் திரும்பவில்லை. சுகம் விசாரிக்கவில்லை, தேநீர் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"நிரோஜாவுக்கு விடிய எழும்பேக்க இடுப்பு பிடிக்குதாம். புது மெத்தையெண்டு சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கேக்கயே எனக்குத் தெரிஞ்சிட்டுது."

பிறகு அந்தப் பெடியன் இன்னும் பந்து விளையாடுகிறானா என்று கேட்டார். ஓம் என்றேன். ஊசி இங்கேயும் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும், ஆனால் டொக்டருக்கு எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லவேண்டும், அம்மாவுக்கு இருக்கிறது, பெரியம்மாவுக்கு இருக்கிறது, தாத்தாவுக்கு இருந்தது என்று சொல்லவேண்டும் என்றேன். அவர் சுவரில் உள்ளங்கையை ஒருமுறை பதித்து எடுத்தார்.

"சரி, வாங்கோ. சம்பந்தியம்மாவுக்கு முன்னாலயே சொல்லுறன். என்னைப் பாத்தா அவையளுக்கு விளங்கும்தானே."

ஓட்டோ பிடிப்போம் என்றேன். வேண்டாம் என்றார். உவர்மலை வரைக்கும் நடந்தோம். அன்று அவர் எதையும் மறைக்கவில்லை. இடுப்பு சரிந்தது, கால் இழுபட்டது, தோள் ஒவ்வொரு அடிக்கும் விழுந்து எழும்பியது. பட்டப்பகலில், தெருவின் நடுவால், என் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். சந்திக் கடைக்காரர் வெளியே வந்து, என்னக்கா காலில என்று கேட்டார். இது எங்கட குடும்ப வருத்தம் தம்பி என்று அவருக்குச் சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு அழுகை வந்தது. அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தத் தெருவில்தான் முழுதாகத் தெரிந்தது.

நாங்கள் வருவதை நிரோஜா தூரத்திலேயே கண்டுவிட்டாள். கேற்றடிக்கு வந்து நின்றாள். தாய் பக்கத்தில் வரும்வரை தாயின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாம் தெரியும் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அக்கா மூச்சு வாங்கினார். டொக்டரிடம் போகவேண்டும், மாமியிடம் நான் கதைக்கிறேன் என்று தொடங்கினார். நிரோஜா அவரை முடிக்கவிடவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நேத்து மாமிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவ அம்மா. டொக்டர் கேட்டவர், குடும்பத்தில ஆருக்கும் இருக்கோ எண்டு. மாமி பக்கத்தில இருந்தவ. நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

நான் ஏதோ சொல்லப்போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தாயின் தோளில் விலகியிருந்த சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள்.

"நேரா நடந்து வாங்கோ. மாமி யன்னலால பாக்கிறா."

அக்கா என் கையை விட்டார். கேற்றுக் கம்பியில் ஒரு நிமிடம் கையை ஊன்றி, எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பை எடுத்து வைத்தார். பிறகு மகளுக்கு முன்னால், ஒரு அடிகூடச் சரியாமல், வாசல்வரை நடந்து போனார்.